பாடசாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கொழும்புப் பெற்றோர் கணக்குக் கேட்கும் வழி

கொழும்பில் பிள்ளைக்குப் பாடசாலை தேடும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். அதற்கும் முன்பாக விசாரிக்க வேண்டியது, அங்குள்ள ஆசிரியர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே. பாடசாலைச் செலவில் பெரும் பங்கு சம்பளம்தான். அதைக் கொடுப்பவர் யார் என்று தெரிந்தால், யாரிடம் கணக்குக் கேட்பது, எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

தேசிய பாடசாலையாயின் பணம் நேரே மத்திய கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. மாகாண பாடசாலையாயின், 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னர், நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி திறைசேரி ஒதுக்கும் பணம் மேல் மாகாண நிர்வாகத்தின் ஊடாக வந்து சேர்கிறது. ஒரே வீதியில் இருக்கும் இரண்டு அரச பாடசாலைகளுள் ஒன்றுக்குப் புதிய கட்டடமும் மற்றதற்கு ஒழுகும் கூரையும் வாய்ப்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். அதிபரின் திறமையை மட்டும் வைத்து அதை எடைபோடுவது நியாயமாகாது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரச நிதியுதவி பெற்றுவந்த பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தனித்து நின்ற தனியார் பாடசாலைகளுள் சிலவற்றுக்கு அரசே ஆசிரியர் சம்பளம் கொடுக்கிறது; ஏனையவை கட்டணத்தால் நடக்கின்றன. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததனால், சர்வதேச பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்துகொண்டு இயங்குகின்றன.

முதலில் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். திறைசேரியின் இணையத்தளத்தில் அது தமிழிலும் கிடைக்கும். கல்வி அமைச்சின் செலவுத் தலைப்பு இலக்கம் 126. அதனுள் மீண்டெழும் செலவும் (சம்பளம் போல ஆண்டுதோறும் வருவது) மூலதனச் செலவும் (கட்டடம் போன்றவற்றுக்கானது) தனித்தனியே காட்டப்பட்டிருக்கும். மீண்டெழும் செலவில் ‘ஆளுக்குரிய வேதனாதிகள்’ என்ற சம்பள வரியையும், மூலதனச் செலவில் கட்டட வரிகளையும் அருகருகே வைத்துப் படித்தால், கல்விக்கு இத்தனை கோடி என்ற அறிவிப்பில் சம்பளம் போக வகுப்பறைக்கு எஞ்சுவது எவ்வளவு என்று புலப்படும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6% கல்விக்கு வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் நியாயத்தை இந்த வரிகளே சொல்லும்.

அடுத்தது பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கம். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததிலிருந்து அரச பாடசாலையில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் துப்புரவு, காவல், நிறப்பூச்சு, மின்விசிறி என்று இந்தச் சங்கத்தின் பெயரில் பெற்றோரிடம் வசூலிக்கப்படுவதை நாம் எல்லோரும் அறிவோம். பணம் கொடுக்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அதில் தொடர் இலக்கமும் திகதியும் நோக்கமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ‘நன்கொடை’ என்று மட்டும் எழுதியிருந்தால் எதற்கான நன்கொடை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். வேலை முடிந்து பஸ் பிடித்து வரும் பெற்றோருக்கு அது சிரமம்தான், என்றாலும் கணக்கறிக்கையைக் கையில் வைத்து வரிவரியாகக் கேட்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் அது. அனுமதிக்காகப் பணம் கேட்கப்பட்டால் அது சங்கத்தின் விடயமன்று. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டியது.

சர்வதேச பாடசாலையாயின் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் அந்தக் கம்பனியின் கோப்பைப் பார்வையிட்டுப் பணிப்பாளர்கள், பங்குதாரர்கள் யார் என்று அறியலாம். மீளளிக்கப்படும் வைப்புப்பணம் எது, மீளாத அனுமதிக் கட்டணம் எது, ஆண்டுதோறும் கட்டணத்தை எந்த அளவுக்கு உயர்த்தலாம் என்பவற்றை, முதற் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அரச பாடசாலைக் கணக்கு வாய்ப்பேச்சில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேசிய பாடசாலையாயின் கல்வி அமைச்சின் தகவல் அலுவலருக்கும், மாகாண பாடசாலையாயின் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘பாடசாலையின் நிதி நிலைமை பற்றி அறிய விரும்புகிறேன்’ என்று பொதுப்படையாக எழுதினால் பொதுப்படையான பதிலே வரும். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பாடசாலைக்கு ஒதுக்கப்பட்ட கற்றல் உபகரண நிதி, அதில் செலவிடப்பட்ட தொகை, அபிவிருத்திச் சங்கத்தின் கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கைகளின் பிரதிகள்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான எழுத்து அத்தாட்சியைத் திகதியுடன் வாங்கி வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்’ மேன்முறையீடு செய்யலாம், அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.