கீழ் வீட்டு மாமிக்குக் கேட்காமல் டிரம் கேம் ஆடுவது எப்படி

பாட்டோடு திரையில் ஓடிவரும் நோட்டைப் பார்த்துப் பேடைத் தட்டுகிற டிரம் கேம் ஆட ஆரம்பிக்கிற பலர் முதல் வாரத்திலேயே ‘நமக்குத் தாளம் வராது போல’ என்று குச்சியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதை நினைத்தால் சிரிப்புதான் வரும், ஸ்கூல் பெஞ்சைத் தட்டி வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் மெட்ராஸில் யார் இருக்கிறார்கள்? தாளமெல்லாம் இருக்கிறது. சரியான நேரத்தில்தான் அடித்திருப்பீர்கள், ஆனால் பாட்டு ஸ்பீக்கரில் தாமதமாக வந்திருக்கும், டிவி படத்தைத் தாமதமாகக் காட்டியிருக்கும், கேம் உங்களுக்கு மிஸ் போட்டிருக்கும். அதனால் இதில் பாதி செட்டப் பற்றியே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த கேம் என்று முதலில். ஜப்பான் ஆர்கேடுகளில் 1999-லேயே கொனாமியின் டிரம்மேனியா வந்துவிட்டது. வீடுகளில் டிரம் பரவலானது 2007-ல் ராக் பேண்டுடன், அடுத்த வருஷம் கிட்டார் ஹீரோ வேர்ல்டு டூர். அந்தப் பழைய பிளாஸ்டிக் டிரம்களைத்தான் இன்றும் செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கேமுக்காகக் கன்சோல் வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் கிளோன் ஹீரோ இலவசம், யார்க் என்று ஓப்பன் சோர்ஸில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் சுமாரான லேப்டாப்பிலேயே ஓடும். நான் கிளோன் ஹீரோவை வைத்தே சொல்கிறேன், அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

செகண்ட் ஹேண்ட் பிளாஸ்டிக் டிரம் வாங்குகிறவர்கள் கவனிக்க: டாங்கிள் இருக்கிறதா என்று முதல் மெசேஜிலேயே கேளுங்கள். பிஎஸ்3, வீ (நிண்டெண்டோ கன்சோல்) இவற்றுக்கான ஒயர் இல்லாத ராக் பேண்டு மாடல்களுக்கு ஒரு குட்டி யூஎஸ்பி டாங்கிள் கூடவே வரும், அது தொலைந்திருந்தால் உங்கள் கையில் இருப்பது நாலு கலர் தட்டும் ஒரு ஸ்டாண்டும்தான். எனக்கு விற்றவர் ‘புளூடூத்துலயே கனெக்ட் ஆயிடும் பிரதர்’ என்று அடித்துச் சொன்னார், நானும் பெரம்பூரிலிருந்து பல்லாவரம் வரை போய், மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் கொண்டுவந்து சேர்த்தேன். ஆகவில்லை. அந்த டிரம் பேசுவது புளூடூத்தே இல்லை, தன் டாங்கிளுடன் மட்டும்தான் பேசும். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த முதல் ராக் பேண்டு டிரம் ஒயர் வைத்தது, அது கிடைத்தால் தலைவலி குறைவு. போனால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பழைய செல் கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். பெடலை மிதித்துப் பாருங்கள், முதலில் உடைவது அதுதான்.

கொஞ்சம் பணம் போட முடிந்தால் எலக்ட்ரானிக் டிரம் செட் வாங்குங்கள் என்பேன், கேம் அலுத்துப்போனாலும் டிரம் மிச்சம் இருக்கும். மெஷ் ஹெட் (வலைத் துணி மாதிரியான தோல்) உள்ளதாகப் பாருங்கள், ரப்பர் பேடைவிடச் சத்தமும் குறைவு, மணிக்கட்டுக்கும் நல்லது. பேடுகளின் ஒயரெல்லாம் வந்து சேரும் மூளைப் பெட்டிதான் மாட்யூல், அதன் பின்னால் சதுரமாக ஒரு யூஎஸ்பி ஓட்டை இருக்கும். அதற்குத் தனிக் கேபிள் எதுவும் தேட வேண்டாம், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் ‘பிரிண்டர் கேபிள்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அதேதான். குச்சி மட்டும் கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய சாமான். 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில் இருக்கிறதே, அந்த மாதிரி இசைக்கருவிக் கடை எதிலாவது போய் 5ஏ, 7ஏ என்ற இரண்டு அளவுக் குச்சிகளையும் ஆட்டிப் பாருங்கள். 7ஏ மெலிசு. முனை நைலானாக இருக்கட்டும், மர முனை சிலும்பு விட்டால் மெஷ்ஷைக் கிழித்துவிடும்.

காசே போட விருப்பமில்லையா, கம்ப்யூட்டர் கீபோர்டில் ஐந்து எழுத்துகளை நாலு கலருக்கும் கிக்குக்கும் ஒதுக்கி (இதுதான் மேப் செய்வது) விரலால் ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். திரையில் நோட் ஓடிவருவதைப் படிக்க அது போதும். சுருட்டி வைக்கிற சிலிகான் டிரம் பற்றிக் கேட்பீர்கள். வேண்டாம்.

சரி, மேப்பிங். மாட்யூல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மிடி எண் அனுப்பும்: கிக் (காலால் மிதித்து அடிக்கும் டிரம்) 36, ஸ்னேர் (நேர் முன்னால் இருக்கும் டிரம்) 38, மூடிய ஹைஹேட் (பெடலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) 42, திறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51 (இரண்டும் தனி சிம்பல்கள்) என்பது வழக்கம். கேமின் கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு கலரையும் தேர்ந்து அதற்கான பேடைத் தட்டினால் முடிந்தது. சிவப்பு ஸ்னேர், மஞ்சள் ஹைஹேட்டும் முதல் டாமும் (டாம் என்பது ஸ்னேர், கிக் தவிர்த்த மற்ற டிரம்கள்), நீலம் ரைடும் அடுத்த டாமும், பச்சை கிராஷும் தரை டாமும், குறுக்கே வரும் ஆரஞ்சுக் கோடு கிக். ஹைஹேட்டின் மூடிய எண், திறந்த எண் இரண்டையுமே மஞ்சள் சிம்பலுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் கால் லேசாக விலகும்போதெல்லாம் நோட் காணாமல் போகும். ஹைஹேட் பெடலை மிதித்தாலே போகிற எண் 44, அதை எதற்கும் கொடுக்காமல் விடுங்கள். சிம்பலும் டாமும் தனித்தனியாக வேண்டும் என்றால் ப்ரோ டிரம்ஸ் போடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். நிஜ டிரம்மில் ஹைஹேட் ஸ்னேருக்கு இடப்பக்கம், திரையிலோ மஞ்சள் சிவப்புக்கு வலப்பக்கம் ஓடும். கண் வலது என்கும், கை இடது போக வேண்டும். எனக்கு நாலைந்து நாள் தலை சுற்றியது. மேப்பை மாற்றிச் சரிபண்ணப் பார்க்காதீர்கள், பழகிவிடும்.

இப்போது முக்கியமானது, கேலிபரேஷன், அதாவது சத்தமும் படமும் எவ்வளவு தாமதமாக வருகின்றன என்று கேமுக்குச் சொல்லிச் சரிபண்ணுவது. 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை தாளம் என்ற வேகக் கணக்கு) பாட்டில் ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 500 மில்லிசெகண்ட். அதை நாலாகப் பிரித்தால் ஒரு நோட்டுக்கு 125. சாதாரண புளூடூத் ஹெட்போன் பாட்டை 150, 200 மில்லிசெகண்ட் தள்ளித்தான் கொடுக்கும், அதாவது உங்கள் காதில் விழும்போது கேமில் அடுத்த நோட்டே வந்துவிட்டிருக்கும். நீங்கள் காதை நம்பி அடித்தால் மிஸ், கண்ணை நம்பி அடித்தால் பாட்டோடு ஒட்டாது. ஒயர் ஹெட்போன் போடுங்கள். டிவியில் ஆடினால் ‘கேம் மோட்’ ஆன் செய்யுங்கள், அது இல்லாவிட்டால் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவி தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். இதெல்லாம் முடித்த பிறகுதான் கேமுக்குள் இருக்கும் கேலிபரேஷனுக்குப் போக வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு நம்பாதீர்கள், நாலைந்து தடவை செய்து வரும் எண்களில் நடுவில் இருப்பதை வையுங்கள். அப்புறம் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தை அணைத்துக் கண்ணால் மட்டும் கொஞ்சம் அடியுங்கள், பிறகு திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். ஒன்றில் நன்றாக வந்து மற்றதில் சொதப்பினால் எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக் டிரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஆக்ஸ் கேபிளை மாட்யூலின் ஆக்ஸ் இன்னில் செருகி, ஹெட்போனை மாட்யூலில் மாட்டுங்கள். பாட்டு லேப்டாப்பிலிருந்து வரும், டிரம் சத்தம் மாட்யூலிலிருந்து அடித்த கணமே வரும். கேமில் டிரம் டிராக் தனியாக இருக்கும் பாட்டுகளில் அதன் வால்யூமைக் குறைத்துவிட்டால் நீங்களே வாசிக்கிற மாதிரி இருக்கும், முதல் தடவை அப்படிக் கேட்டபோது நான் ராத்திரி சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

ஆடும்போது ஒரு அடிக்கு இரண்டு பதிவானால் மாட்யூலில் ரீட்ரிகர் அமைப்பைப் பாருங்கள், கிராஷை அடித்தால் பக்கத்து டாமும் சேர்ந்து விழுந்தால் கிராஸ்டாக்கை ஏற்றுங்கள், மெதுவான அடி விழாவிட்டால் திரெஷோல்டை இறக்குங்கள். ஒவ்வொரு பேடாக, ஒரு படி ஒரு படியாக மாற்றுங்கள்.

அடுத்து கீழ் வீடு. எங்கள் வீடு இரண்டாவது மாடி. மெஷ் பேட், ஹெட்போன், எல்லாம் சத்தமில்லாமல் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு மாமி வந்துவிட்டார். ‘ஏம்ப்பா, மேல ஆட்டுக்கல் ஏதாவது போட்டிருக்கியா? டொக்கு டொக்குனு இடிக்கறது, மாமா தூங்க முடியலங்கறார்.’ கைச் சத்தம் ஒன்றும் கீழே போகவில்லை, போனது பெடல். கால் மிதிக்கிற அதிர்வு தரை வழியாக காங்கிரீட்டில் இறங்கி, கீழ் வீட்டு சீலிங்கில் போய் முட்டுகிறது. பாய் விரித்தால் நிற்காது, யோகா மேட்டும் பெரிதாக உதவாது, இரண்டும் செய்து பார்த்தாகிவிட்டது.

நின்றது டென்னிஸ் பந்தால். டிரம் செட் உட்காரும் அளவுக்கு இரண்டு பிளைவுட் பலகை வெட்டி வாங்குங்கள், முக்கால் இஞ்ச் கனம் இருக்கட்டும். கீழ்ப் பலகையில் ஒரு முழத்துக்கு ஒன்று என்கிற கணக்கில், பந்து கொஞ்சம் இறங்கி உட்கார்கிற மாதிரி வட்ட ஓட்டை போடச் சொல்லுங்கள். ஓட்டைகளில் டென்னிஸ் பந்துகளை உட்கார வைத்து மேல் பலகையை வையுங்கள். மேல் பலகை பந்துகளின் மேல் மட்டுமே நிற்க வேண்டும், சுவரையோ கட்டிலையோ எங்கேயும் தொடக் கூடாது. உங்கள் ஸ்டூலும் டிரம்மும் பலகை மேலேயே இருக்கட்டும், எடை ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் பந்தைக் கூட்டுங்கள். புதுப் பந்து தேவையில்லை, தெரு கிரிக்கெட் ஆடுகிற பசங்களிடம் மயிர் உதிர்ந்த பந்து கிடைக்கும், காற்று மட்டும் இருக்க வேண்டும். கிக்குக்குச் சுத்தியல் மாதிரி பீட்டர் அடிக்காத வகைப் பெடல் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாம் செய்த பிறகும் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கிக்கைத் தொடுவதில்லை என்று மாமியுடன் ஒப்பந்தம். தீபாவளிக்கு ரிப்பன் பக்கோடா வந்தது.

கடைசியில் வாசிப்புக்கு வந்துவிட்டோம். குச்சியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும், அடித்ததும் தானே எழும்பி வரவிடுங்கள். மே மாதம் கை வேர்த்துக் குச்சி பறக்கும், பேட்மின்டன் கிரிப் டேப் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஈஸியில் ரொம்ப நாள் இருக்காதீர்கள். ஈஸியில் பாதி நோட்டை எடுத்துவிடுகிறார்கள், பாட்டில் கேட்கிற அடி திரையில் இருக்காது, காதும் கையும் சண்டை போடும். வலது கை ஹைஹேட்டில் ஒரு பாருக்கு (நாலு தாளம் சேர்ந்தது) எட்டு, இடது கை ஸ்னேரில் இரண்டும் நாலும், கால் ஒன்றும் மூன்றும். இது தூங்கும்போதும் வருகிறவரை மெதுவான பாட்டு ஒன்றில் ஓட்டுங்கள், கை கால் தனித்தனியாகப் பிரிந்ததும் நேராக ஹார்டுக்குப் போய்விடலாம். நோட் ஸ்பீடை ஏற்றுங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் ஒட்டிக்கொண்டு வரும் நோட்டுகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும், பாட்டின் வேகம் மாறாது.

வேகமான ஃபில் (தாளத்துக்கு நடுவே வரும் உருட்டல்) வந்தால் கண்ணால் எண்ண முடியாது, வாயால் சொல்லுங்கள். நமக்குத்தான் சொல்கட்டு இருக்கிறதே. ஒரு தாளத்தில் நாலு நோட் என்றால் தகதிமி, மூன்று என்றால் தகிட, ஐந்து வந்தால் தகதகிட. திரையில் மூன்றும் நாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நெருக்கமாகத் தெரியும், நான் ஒரு பாட்டில் ஒரே இடத்தில் இருபது தடவை விட்டேன். பிராக்டிஸ் மோடில் அந்தப் பகுதியை மட்டும் பாதி வேகத்தில் ஓடவிட்டு, குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் தகதிமி அடித்துக்கொண்டிருந்தது தகிட இருக்கும் இடத்தில். சொல்லிவிட்டு அடித்தேன், விழுந்தது.

தமிழ்ப் பாட்டு வேண்டும் என்பீர்கள். ரெடியாகக் கிடைப்பது அபூர்வம், நாமே மூன்ஸ்கிரேப்பர் என்ற இலவச எடிட்டரில் நோட் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்த தாளம் உள்ள பாட்டாக எடுங்கள், பிபிஎம் ஒரு தடவை சரியாக வைத்தால் கடைசிவரை நிற்கும். ஆட்கள் உட்கார்ந்து நேரடியாக வாசித்த எழுபது, எண்பதுகளின் பாட்டுகளில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும், ஒவ்வொரு பாருக்கும் டெம்போவைத் தொட்டுத் திருத்த வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். குத்துப் பாட்டு போடுகிறவர்கள் எடிட்டரைத் திறந்ததும் 4/4 என்று இருக்கும் தாளக் கணக்கை 6/8 ஆக்கிவிடுங்கள். நான் அதை விட்டுவிட்டு அறுபது பார் வரைக்கும் நோட் போட்டு, கோடு ஒரு பக்கம் அடி ஒரு பக்கம் நிற்கிறதே என்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டேன்.