பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் பயிற்சிக் கருவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டப் பட்டணங்களில், பக்கவாதம் வந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரி பிசியோவுக்கு (உடற்பயிற்சி சிகிச்சைக்கு) வாராவாரம் கூட்டிப்போவது பெரும்பாடு. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஷோப்பியில் ஏதாவது ஒரு கருவியை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். கருவி நல்லதுதான். எது எதற்கு என்று தெரியாமல் மாட்டிவிடுவதில்தான் சிக்கல்.

அதிகம் நடக்கும் தவறு, டென்ஸ் கருவியை வாங்கிக் கையைத் தூக்க வைக்கப் பார்ப்பது. டென்ஸ் வலிக்கானது. தசையைச் சுருங்க வைக்க என்.எம்.இ.எஸ். (நரம்பு வழியாகத் தசையை மின்சாரத்தால் தூண்டும் கருவி) வகை வேண்டும். இரண்டிலும் வயரும் ஒட்டுப் பட்டையும் இருப்பதால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சுருங்கும் நேரம், ஓய்வு நேரம் இரண்டையும் தனித்தனியாக வைக்க முடிகிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். மணிக்கட்டுக்குப் பொதுவாக 35 முதல் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை மின்துடிப்பு. தொடக்கத்தில் 5 விநாடி சுருக்கம், 15 விநாடி ஓய்வு. உங்களவருக்கு எவ்வளவு என்பதைப் பிசியோதான் குறித்துத் தரவேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இது கூடாது. வலிப்பு வந்தவரென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பட்டை ஒட்டும் இடமும் முக்கியம். மணிக்கட்டு மேலே எழும்ப, முன்கையின் புறங்கைப் பக்கத்தில் முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒன்று, முன்கை நடுவில் ஒன்று. உள்ளங்கைப் பக்கம் நகர்ந்துவிட்டால் விரல்கள் மடங்கும். ஏற்கெனவே இறுகிய தசைக்கே பயிற்சி கொடுத்ததாகிவிடும். காலையில் எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட கையில் அப்படியே ஒட்டுவார்கள். ஓரம் கிளம்பி, மீதி ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் மின்சாரம் குவிந்து தோல் புண்ணாகும். உணர்ச்சி குறைந்த கை என்பதால் அவருக்குச் சுரீரென்று படவே படாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து ஒட்டுங்கள். எடுத்தபின் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் அன்றோடு நிறுத்திப் பிசியோவிடம் காட்டுங்கள்.

மின்சாரம் கையைத் தூக்கும்போது அவரும் கையைப் பார்த்துத் தூக்க முயல வேண்டும். நாடகம் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் பெரும்பாலும் போய்விடும். காற்றடித்து விரல்களை விரித்து மடக்கும் ரோபோ கையுறைக்கும் இதே விதி. 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கைப்பயிற்சி நடந்த ஒரு சிகிச்சை அமர்வில் பயனுள்ள கையசைவு சராசரியாக 32 தடவைதான் நடந்தது. கை தேற இதைவிட நிறையத் தடவை வேண்டும் என்பது பொதுவான கருத்து. அதை எட்ட வீட்டுப் பயிற்சி உதவும். ஆனால் அவரே முயன்று செய்ததைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கதவுக்கு மேல் மாட்டும் கப்பிக் கயிற்றை வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2016 வழிகாட்டி அதைப் பரிந்துரைப்பதில்லை. தளர்ந்த தோளில் தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாது. நல்ல கை இழுக்க இழுக்க மூட்டுக்குள் தசைநார் நசுங்கித் தோள்வலி வரும். வலி வந்தால் மற்றப் பயிற்சியும் நின்றுபோகும். மேசைமேல் துண்டை விரித்து, இரண்டு கையையும் அதில் வைத்து முன்னால் தள்ளுவது போதும்.

உட்கார்ந்தபடி கால்களால் மிதிக்கும் மோட்டார் பெடலில் நல்ல கால் மட்டும் மிதிக்கக்கூடும். பலவீனமான காலின் தொடையில் கை வைத்துத் தசை இறுகுகிறதா என்று பாருங்கள்.

பிசியோவுக்கு வீடியோ எடுப்பவர்கள் நேர் எதிரே நின்று முகத்தை எடுக்கிறார்கள். கைபேசியை மைலோ டின்னில் சாய்த்து, இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். ஜன்னல் அவருக்குப் பின்னால் வேண்டாம். தோளும் இடுப்பும் பாதமும் ஒரே படத்தில் விழுந்தால்தான் எது சாய்கிறது என்று பிசியோ சொல்ல முடியும்.