வளைகுடாக் கதைக்குள் ராஜாளியைக் கொண்டுவருவது எப்படி

பிழைக்கப் போனவனின் கதை என்றதுமே கூண்டுக்கிளியைக் கொண்டுவந்து தொங்கவிடுகிறோம். வளைகுடாக் கதைக்கு அது பெரும்பாலும் ஒட்டாது. கடைக்குப் போகிறான், லீவு நாளில் கூட்டாளிகளோடு பிரியாணி ஆக்குகிறான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கும் வருகிறான். வந்தவன் திரும்பிப் போகிறானே, கதை அங்கேதான் இருக்கிறது. அதற்குத் தோதான பறவை, அங்கே வேட்டைக்கு வளர்க்கிற ராஜாளி.

முதலில் அதன் பிழைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். வேட்டை ராஜாளியைத் தினமும் தராசில் நிறுத்துவார்கள். தின்று கொழுத்திருந்தால் பறக்கவிட்ட பறவை திரும்பாது. எடை ரொம்பக் குறைந்தால் பறக்கத் தெம்பிருக்காது. நடுவே, கொஞ்சம் பசியில் வைத்திருந்தால்தான் இரையைச் சுழற்றிக் காட்டியதும் இறங்கி வரும். அந்த நேரத்தில் காலில் கயிறுகூடக் கிடையாது. வட்டிக்காரனும் தங்கை கல்யாணமும் செய்கிற வேலையைத்தான் அந்தத் தராசும் செய்கிறது. இதை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும், கதையில் எவனும் சொல்லக் கூடாது.

அடுத்தது பாஸ்போர்ட். அமீரகத்தில் 2002 முதல் ராஜாளிக்குத் தனிப் பாஸ்போர்ட் உண்டு. மூன்று வருடம் செல்லும். கால்வளையத்தின் எண் அதில் இருக்கும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி தவறு, ஆனாலும் நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவனுடையது எந்த டிராயருக்குள் போனது என்பதைப் போகிறபோக்கில் காட்டிவிடுங்கள். நான்கைந்து பக்கம் தள்ளி இப்படி எழுதலாம் (அர்பாப் என்றால் அங்கே முதலாளி):

“அர்பாப் டிராயரைத் திறந்து பறவையின் பாஸ்போர்ட்டை எடுத்தார். பூட்டினார். சாவி அங்கிப் பைக்குள் போனது.”

இதோடு நிறுத்த வேண்டும். ‘அவன் பெருமூச்சு விட்டான்’ என்று சேர்த்தால் கெட்டது காரியம்.

2,500 சொல் கதையில் பறவை நான்கு இடத்தில் வந்தால் தாராளம். முதல் இரண்டிலும் அது வெறும் வேலையாக இருக்கட்டும்: எச்சம் கழுவுவது, காடை இறைச்சி நறுக்குவது. எடுத்த எடுப்பிலேயே கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டால் வாசகர் உஷாராகிவிடுவார்.

பலர் சறுக்குவது கண்மூடியில். ராஜாளியின் தலையில் மாட்டும் தோல் கண்மூடியைச் சித்திரவதை போல எழுதுகிறார்கள். உண்மையில் அதைப் போட்டதும் பறவையின் படபடப்பு அடங்கிவிடும். அந்த அடக்கம்தான் உங்களுக்குப் பயன்படும். இன்னொன்று பருவம்: வேட்டை குளிர்காலத்தில். ஜூலையில் வேட்டைக் காட்சி வைத்தால் அங்கே இருந்தவர்கள் சிரிப்பார்கள். கோடையில் அது ஏசி அறையில் இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும். வெளியே, அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை. அறையைக் கூட்டப் போகிறவனுக்கு அந்தக் குளிர் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று எழுதுங்கள்.

முடிவில் நாயகன் பறவையைத் திறந்துவிடுவது சினிமா. அவனோடு சேர்த்து அதையும் சாகடிப்பது அதைவிட மோசம்.

விசா இல்லாமல் கல்லிவல்லியாகத் திரிகிறவனின் கதைக்கு ராஜாளி சரிவராது. அவனுக்கு நம்மூர்க் காகமோ மைனாவோ போதும். காகம் கப்பலேறிப் போனது, மைனா கூண்டிலிருந்து தப்பியது. இரண்டும் அங்கே பெருகிவிட்டன. ஓமானில் இவற்றை ஒழிக்க அரசே இயக்கம் நடத்தியிருக்கிறது. பொறி வைக்கும் கூலிவேலைக்கு அவனையே அனுப்பிப் பாருங்கள்.