வேட்டை ரிவால்வர் வாங்கப் போகிறீர்களா? கேலிபருக்கு முன் கையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வேட்டைக்குப் போகிற நம் ஆட்களில் பெரும்பாலோர் ரைஃபிள்காரர்கள். சில குளிர்காலங்கள் சூலுலாந்திலோ லிம்போப்போவிலோ இம்பாலா மான் சுட்டு, பில்டாங் எனும் உப்புக்கண்டம் போட்டு, புரட்டாசி பிறக்குமுன் ஃப்ரீசரைக் காலி செய்யப் பழகிய பிறகு, சிலருக்குக் கைத்துப்பாக்கியால் வேட்டையாடிப் பார்க்கும் ஆசை வரும். அதிலும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் மேல் ஒரு தனி மயக்கம். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியலை, பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். எளிமையான, உறுதியான அமைப்பு. ஆசையில் தப்பில்லை. ஆனால் கடையில் கேட்கும் முதல் கேள்வியே “இதைவிடப் பெரிய கேலிபர் இருக்கிறதா?” என்று இருந்தால் (கேலிபர் என்றால் குண்டின் விட்டம், தோட்டாவின் வகை), கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் தப்பான துப்பாக்கியை வாங்கிவிட்டுச் சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். முழுப் பணமும் கட்டியிருந்தாலும் லைசென்ஸ் கைக்கு வரும்வரை அது டீலரின் பெட்டகத்தில்தான் இருக்கும். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர் என்று 15ஆம் பிரிவில் விண்ணப்பித்தால், அதில் கைத்துப்பாக்கி ஒன்றுக்குத்தான் இடம். அந்த ஒன்றும் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் விற்க வேண்டும், மறுபடி மனுப்போட வேண்டும், மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்க வழி இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டால், அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் பாதுகாப்பான இடத்தில் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. ரேஞ்சில் ரிவால்வர் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் தோட்டாக் காசைக் கொடுத்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்பவர் அபூர்வம். அப்படியும் பலர் கேட்காமலே வாங்குகிறார்கள். வெட்கமோ என்னவோ.

சரி, கேலிபருக்கு வருவோம். 1950களின் நடுவில் வந்த .44 மேக்னம் தோட்டா, ஏழரை அங்குல பேரலில் (குழலில்) 240 கிரெயின் (சுமார் பதினைந்தரை கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 1,400 அடி வேகத்தில் அனுப்பும். ரிவால்வருக்கு உரிய ஐம்பது மீட்டர் தூரத்துக்குள் இம்பாலா, பிளெஸ்பொக் மான், காட்டுப்பன்றி எதற்கும் அது தாராளம். .454 கசுல் என்ற தோட்டா அதற்கு மேலே வெகுதூரம் போகிறது. .44 மேக்னத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கசுலுக்கு 65,000. அந்த வித்தியாசத்தை விலங்கு உணருவதற்கு முன் உங்கள் மணிக்கட்டு உணர்ந்துவிடும்.

சுடும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும் உதை அதிகமானால் கை பயப்படக் கற்றுக்கொள்கிறது. டிரிகரை இழுக்கும் கணத்தில் கண் மூடும், முனை கீழே தாழும், குண்டு நெஞ்சுக்குக் கீழே போகும். நம் வேட்டைப் பண்ணைகளின் வழக்கம் தெரிந்ததுதானே: ரத்தம் சிந்தினால் காசு. விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதன் முழு விலையையும் வைக்க வேண்டும். காயத்தோடு புதருக்குள் போன விலங்கின் வேதனை தனி. உங்களிடம் இந்தப் பயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, கூட இருப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சிலிண்டரின் (தோட்டா போடும் சுழல் உருளையின்) சில அறைகளில் தோட்டாவும் சிலவற்றில் சுட்ட காலிக் கூடும் போடச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. காலிக் கூட்டின் மேல் ஹேமர் விழும்போது முனை குதித்தால், அந்தக் கேலிபர் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

.45 கோல்ட்டில் வேறொரு பொறி இருக்கிறது. 1873இல் வந்த பழைய தோட்டா அது. அதன் வழக்கமான அழுத்தம் 14,000 பிஎஸ்ஐதான். வலுவான ரூகர் பிளாக்ஹாக் போன்ற ரிவால்வர்களுக்கென்றே இதில் சுமார் இரண்டு மடங்கு அழுத்தமுள்ள தோட்டாக்களும் விற்கிறார்கள். பழைய கோல்ட் ரிவால்வரிலும் அதன் நகல்களிலும் அவை அப்படியே உள்ளே போய் உட்காரும். சுட்டால் சிலிண்டர் வெடிக்கலாம். பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்.

இனி கிரிப், அதாவது கைப்பிடி. பலர் இதை அலங்காரமாக நினைக்கிறார்கள். என் கணக்கில் பாதித் துப்பாக்கி இதுதான்.

பழைய கோல்ட் பாணிக் கைப்பிடி வளைந்து கீழே இறங்கும். சுட்டவுடன் துப்பாக்கி உள்ளங்கையில் உருண்டு மேலேறும். ஹேமர் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வரும். அதன் வடிவமே அதற்காகத்தான். மென்மையான தோட்டாவில் இது சுகம். கனமான தோட்டாவில் டிரிகர் கார்டின் (டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தின்) பின்பக்கம் நடுவிரல் கணுவில் வந்து மோதும். ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கின் பின்பக்கம் சதுரமான கார்டு இதற்குப் பேர்போனது. பிஸ்லி வகைக் கைப்பிடி நிமிர்ந்தது. அதன் முதுகு ஹேமருக்குப் பின்னால் உயர்ந்து வரும். அதனால் துப்பாக்கி அவ்வளவாக உருளாமல் நேராகப் பின்னுக்கு வரும். கடும் உதை உள்ள கேலிபர்களுக்குப் பலர் இதைத்தான் தேர்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த முதுகு அழுத்துவதைத் தாங்காதவர்களும் உண்டு. இரண்டையும் பிடித்துச் சுட்டால்தான் தெரியும்.

உதைக்கிறது என்றதும் தடித்த ரப்பர் கிரிப் வாங்கி மாட்டுவது அடுத்த தவறு. கார்டுக்குப் பின்னாலுள்ள இடைவெளியை ரப்பர் நிரப்புவதால் நடுவிரல் தப்பிக்கும், அது உண்மை. ஆனால் அது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு உருள விடாது. உதை நேராக மணிக்கட்டுக்குப் போகும். விரல் குட்டையானவர்களுக்குத் தடிமனே பிரச்சினை. டிரிகரை எட்டுவதற்காக அவர்கள் கையைத் திருப்பிப் பிடிப்பார்கள். அப்போது கைப்பிடியின் முதுகு கட்டைவிரலின் அடிக்கணுவில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு உதையும் அந்த எலும்பில்தான் விழும். செருப்பு மாதிரிதான், கிரிப்புக்கும் அளவு உண்டு. காலித் துப்பாக்கியை இலக்கை நோக்கிப் பிடியுங்கள். பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போதே விரல் நுனிச் சதை டிரிகரில் படிய வேண்டும்.

மரக் கிரிப் என்றால் வழவழப்பாக இருப்பதே நல்லது. கூரான கட்டம் போட்ட வேலைப்பாடு கனமான தோட்டாவில் தோலை உரித்துவிடும். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு படி தட்டினால்கூட அது கடிக்கும். இன்னொன்று, பிளாக்ஹாக்கின் கிரிப் சூப்பர் பிளாக்ஹாக்கில் பொருந்தாது, பிஸ்லிக்கும் பொருந்தாது. ‘ரூகர் கிரிப்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் பணம் வீண். தாம்போத்தி மரத்தில் நீங்களே செதுக்குவதாக இருந்தால் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மரம் அழகுதான், தூள் கண்ணை வதைத்துவிடும்.

பேரல் நீளத்தில் பெரிய குழப்பம் வேண்டாம். வேட்டைக்கு ஏழரை அங்குலம் நல்லது, இடுப்பில் சுமக்கக் குட்டை வசதி. டெலஸ்கோப் மாட்டுவதாக இருந்தால் கைத்துப்பாக்கிக்கென்றே செய்ததை வாங்குங்கள். ரைஃபிளின் ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து கை நீளத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது. கைத்துப்பாக்கி வேட்டைக்கான விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும் என்பதால், பண்ணைக்கு முன்பணம் கட்டுமுன் அந்த மாகாண வனவிலங்குத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய ரூகர் மலிவாகக் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். 1973க்கு முந்தைய மாடல்களில் டிரான்ஸ்ஃபர் பார், அதாவது டிரிகரை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் பாதுகாப்புத் துண்டு, இல்லை. ஆறு அறையும் நிரப்பிய நிலையில் ஹேமரில் அடி பட்டாலோ துப்பாக்கி கீழே விழுந்தாலோ வெடிக்கலாம். அவற்றில் ஐந்து தோட்டாதான் போட வேண்டும், ஹேமர் காலி அறையின் மேல் இருக்க வேண்டும். தாத்தா விட்டுப்போன துப்பாக்கிக்கும் இதே பேச்சுதான். அதை வைத்துக்கொள்ள உங்கள் பெயரில் தனி லைசென்ஸும் வேண்டும். அப்புறம், கடலோர ஈரத்தில் வாழ்கிற நாம் எந்த ரிவால்வரையும் தோல் உறையோடு பெட்டகத்தில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீலப் பூச்சு ஏற்றிய இரும்பில் சீக்கிரமே துரு பிடித்துவிடும்.