கடற்கரை உலாவுக்கு அமாவாசை பார்த்து நாள் குறியுங்கள்

கடலோர உயிரினங்களைப் பார்க்கக் குழுவாகப் போவதென்றால், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்க்காமல் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் பாருங்கள். அதற்கு அடுத்த ஓரிரு நாட்களில், கடல் நீர் மிகவும் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைக் கரையில் இருங்கள்.

சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அப்போது கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். மற்ற நாட்களில் மூழ்கிக் கிடக்கும் பாறைக் குட்டைகள் வெளியே தெரியும். கொட்டலசு (பாறையில் ஒட்டியே வாழும் சிறு ஓட்டு உயிரி) ஒட்டிய கல்லடியில், காலிச் சங்கைச் சுமந்து நகரும் துறவி நண்டைக் குனிந்தே பார்க்கலாம். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரக் கணக்கு உதவாது. கடலோர உயிரினக் கையேட்டில் பாறைக் கரைப் பக்கங்களை மட்டும் முதல் நாளே படித்தால் போதும். முழுப் புத்தகத்தையும் தூக்கி வந்து நனைப்பவர்கள்தான் அதிகம்!

மெரினா போன்ற மணற்கரையில் இதனால் பெரிய பயனில்லை. சேற்றுப் பரப்பில் உள்ளான் பறவைகளைப் பார்ப்பதற்கோ நேர்மாறு: நீர் ஏறும்போதுதான் அவை கரையை நெருங்கும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் பாறைப் பக்கமே போக வேண்டாம்.