வீட்டுப் பக்கம் சாய்ந்த தென்னையை விஞ்ச் கொண்டு எதிர்ப்புறம் விழவைத்தல்: கயிறு கட்டும் முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைப் படுக்கப் போட்டதை எல்லோரும் அறிவோம். விழுந்த மரங்களை அறுத்து அகற்றிவிடலாம். விழாமல் ஓட்டு வீட்டின் மேல் தலையைச் சாய்த்து நிற்கும் மரம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட ஒரு தென்னையை, நெம்புகோலை ஆட்டி இரும்புக் கயிற்றை இழுக்கும் கருவியான கை விஞ்ச் வைத்து வீட்டுக்கு எதிர்ப்புறமாக விழவைப்பது எப்படி என்பதை, இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். முதல் மரத்தை மட்டும் அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்கம்பி எட்டும் தொலைவில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்காமல் கயிற்றையே அவிழ்க்கக் கூடாது.

எத்தனை டன் விஞ்ச் வேண்டும்?

புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் கயிற்றை எந்த உயரத்தில் கட்டுகிறோம், எவ்வளவு தள்ளி நின்று இழுக்கிறோம் என்பவையே விஞ்சின் டன்னைவிட முக்கியம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18 மீட்டர் உயரமுள்ள தென்னை, தண்டும் கொண்டையும் சேர்த்து ஏறத்தாழ 1,400 கிலோ என்றும், உச்சி 2 மீட்டர் வீட்டுப் பக்கம் விலகி நிற்கிறது என்றும் கொள்ளுங்கள். மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கருதக்கூடிய புள்ளி அடியிலிருந்து 1.1 மீட்டர் அளவுக்கு விலகியிருக்கும். ஆக நாம் எதிர்க்க வேண்டிய திருப்பு விசை 1,400 × 1.1, அதாவது 1,540. கயிற்றை 14 மீட்டர் உயரத்தில் கட்டினால் கிடைமட்டமாக 110 கிலோ இழுவை போதும். ஏணி எட்டுகிறதே என்று 3 மீட்டரில் கட்டினால் 513 கிலோ வேண்டும். மரம் அதேதான், வேலை ஏறத்தாழ ஐந்து மடங்கு.

அடுத்தது தொலைவு. கயிறு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ, அவ்வளவு இழுவை மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதிலேயே வீணாகும். 14 மீட்டர் உயரத்தில் கட்டிய கயிற்றை 28 மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் கயிற்றில் 123 கிலோ விசை இருந்தால் போதும். 14 மீட்டரில் நின்றால் 156, 7 மீட்டரில் நின்றால் 246. இதோடு தண்டில் வெட்டாமல் விடும் கீலின் இறுக்கமும் காற்றும் சேரும் என்பதால் நான் நான்கு மடங்கு வைத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தாலும் 800 கிலோ விஞ்சே தாராளம். விழும் மரம் நம்மை எட்டக் கூடாது என்பதாலும் மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குத் தொலைவு கட்டாயம்.

பிடிமரம்

விஞ்சைப் பூட்டுவதற்கு உயிருள்ள, வேர் பிடித்த மரம் ஒன்று வேண்டும். புளி, வேம்பு, நல்ல தென்னை எதுவாகவும் இருக்கலாம். விஞ்சை மாட்டும் பெல்ட்டைத் தரையோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழே சுற்றுங்கள். முதல்முறை நான் கைக்கு எட்டிய உயரத்தில் கயிற்றைக் கட்டி, பருமனாகத் தெரிந்த ஒரு முருங்கையில் விஞ்சைப் பூட்டினேன். தென்னை இம்மி அசையவில்லை. முருங்கைதான் வேரோடு என்னை நோக்கி வந்தது. அன்று காலில் பட்ட சிராய்ப்பைவிட, வேடிக்கை பார்த்த பக்கத்துத் தோப்புப் பெரியவரின் சிரிப்புதான் அதிகம் வலித்தது.

கயிறும் முடிச்சும்

நைலான் கயிறு இழுபட்டு நீளும். அறுந்தால் அந்த நீட்சியெல்லாம் ஒரே அடியில் திரும்பி வரும். எனவே நீட்சி குறைந்த பாலியஸ்டர் கயிறே நல்லது. கடைக்காரர் சொல்லும் அறுபடும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏனென்றால் முடிச்சு போட்ட இடத்தில் கயிறு தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். வெயிலில் கிடந்து வெளுத்த கயிறும், வயது தெரியாத தேங்காய் நார் வடமும் இந்த வேலைக்கு ஆகாது.

மரமேறுபவர் முதலில் குலைகளை இறக்கி, மட்டைகளைக் கழித்துவிட வேண்டும்; இழுக்கும்போது உதிரும் ஒரு காய் தலையில் விழுந்தால் போதும். பிறகு குருத்துக்கு மூன்று நான்கு மீட்டர் கீழே கயிற்றைக் கட்டுவார். தென்னையில் மேலே போகப்போகத் தண்டு மென்மையாகிவிடுவதால் உச்சியில் கட்டக் கூடாது. முடிச்சு இப்படி: கயிற்றில் ஒரு சிறு வளையம் போடுங்கள், நுனியை அந்த வளையத்துக்குள் கீழிருந்து மேலே கொண்டு வந்து, நீளக் கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மீண்டும் அதே வளையத்துக்குள் இறக்கி இறுக்குங்கள். நுனி ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும். இப்போது கிடைத்திருப்பது இறுகாத கண்ணி. கயிற்றைத் தண்டில் இரண்டு சுற்று சுற்றி, மறுமுனையை இந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் தண்டைக் கவ்விக்கொள்ளும். அடித்தண்டில் கூன்வண்டுத் துளையோ சொத்தையோ தெரிந்தால் யாரையும் ஏற்றாதீர்கள். அது கிரேன் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

கப்பி எங்கே?

விஞ்ச் இயக்குபவர் கயிற்றின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது. அதற்காகப் பிடிமரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றைச் செங்கோணமாகத் திருப்பி, பக்கத்தில் தள்ளியுள்ள இன்னொரு மரத்தில் விஞ்சைப் பூட்டுகிறோம். இந்தக் கப்பி திசையை மட்டுமே மாற்றும், பலத்தைக் கூட்டாது. மாறாக, அதைத் தாங்கும் பெல்ட்டின் மேல் கயிற்று விசையைப் போல 1.41 மடங்கு சுமை ஏறும். கப்பி பிய்ந்தால் பாய்வது அந்தக் கோணத்தின் உள்பக்கம்தான். அங்கே யாரையும் விடாதீர்கள்.

பலம் கூட வேண்டுமானால் கப்பி நகர வேண்டும். மரத்திலிருந்து வரும் கயிற்றின் முனையில் கப்பியை ஷேக்கிள் (U வடிவ இரும்புப் பூட்டு) போட்டு மாட்டி, விஞ்சின் இரும்புக் கயிற்றை அதற்குள் விட்டு, அதன் முனையைப் பிடிமரத்தில் கட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனால் ஒரு மீட்டர் மரம் நகர இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும்.

மரம் பக்கவாட்டிலும் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வுக்கு எதிர்ப்புறம் இன்னொரு கயிறு வேண்டும். அதன் பிடியை மரத்தடியில் விடப்போகும் கீலின் நீட்டுக்கோட்டிலேயே அமையுங்கள். அப்போதுதான் மரம் விழ விழ அந்தக் கயிற்றின் நீளம் மாறாமல், தளராமலும் விறைக்காமலும் இருக்கும்.

வெட்டும் இழுப்பும்

கயிற்றில் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இழுத்து நிறுத்துங்கள். வெட்டுவதற்கு முன்பே முறுக்கேற்றினால் நார் நெடுக்காகப் பிளந்து, தண்டின் பின்பாதி அறுப்பவரின் முகத்துக்கு எகிறும். விழவேண்டிய பக்கம் தண்டின் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய்வெட்டு. பின்னாலிருந்து அதைவிடச் சற்று மேலாகப் பின்வெட்டு. மற்ற மரங்களில் தண்டின் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கீல் விடுவார்கள். தென்னையின் வைரமெல்லாம் வெளிச்சுற்றில்தான், நடுவில் சோறு என்பதால் 35 செ.மீ. தண்டில் நான் 5 செ.மீ. விடுவேன். மரம் பின்னோக்கிச் சாய்வதால் ரம்பத்தைக் கடித்துக்கொள்ளும். பின்வெட்டில் இடம் கிடைத்தவுடன் ஆப்பை அடித்துவிடுங்கள்.

அறுத்தவர் ரம்பத்தோடு பின்புறமாக மூலைவாட்டில் விலகிப் போனதை விஞ்ச் பிடிப்பவர் கண்ணால் பார்த்த பிறகே நெம்புகோலை ஆட்ட வேண்டும். சீராக இழுங்கள், டிராக்டரை வைத்து வெடுக்கென்று இழுப்பதில் கயிறும் கீலும் ஒருசேர அறும். இரும்புக் கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் வீச்சு தணியும். நெம்புகோல் கல்லாகக் கனத்தால் குழாய் சொருகி நீட்டாதீர்கள். சுமை மீறினால் தானே உடையும் ஊசி அதற்குள் இருக்கிறது, அது உடைந்தால் கணக்கில் எங்கோ தவறு. பின்வெட்டு மெல்ல வாய் திறப்பதும், நார் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தமும் கேட்கும். அதன் பிறகு விஞ்சுக்கு வேலை இல்லை, மரம் தன் எடையிலேயே போய்விடும்.

விழுந்த தண்டு பள்ளத்தின் மேலோ மட்டையின் மேலோ ஏறி நின்றால் கயிறு இன்னும் விறைத்திருக்கும். துண்டு போடுவதற்கு முன் விஞ்சைப் பின்னோக்கி ஆட்டித் தளர்த்தி, முடிச்சை அவிழ்த்து, கையுறையோடு கயிற்றை முழுநீளமும் உருவிப் பாருங்கள். எங்காவது இழை கடிபட்டிருந்தால் அந்தக் கயிறு இனி மாடு கட்டத்தான்.