படம் பார்த்து ஜேர்மன்: நான் சறுக்கிய இடங்களும் சேர்த்து

ஜேர்மன் மொழியில் ஆரம்ப நிலையான ஏ1 வகுப்பை முடித்துவிட்டு, கொப்பியை அலுமாரிக்குள் வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டஸ் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் விசாவுக்காகப் படித்தவள் இல்லை. அக்கா குடும்பம் ஜேர்மனியில் இருக்கிறது. பெறாமகளோடு அவள் பாஷையில் நாலு வார்த்தை கதைக்க ஆசை, அவ்வளவுதான். 2022இல் இலங்கையில் ஒருநாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போன காலத்தில், சார்ஜ் லைட் வெளிச்சத்தில் ஜேர்மன் சிறுவர் கதைகளாக வாசித்துத் தள்ளினேன். பிறகு ஒருநாள் வீடியோ கோலில் பெருமையாகக் கதைத்தால், "சித்தி, நீங்க கதைப் புத்தகம் மாதிரிக் கதைக்கிறீங்க" என்று சிரிக்கிறாள். அதற்குப் பிறகுதான் படங்களின் பக்கம் வந்தேன்.

முதலில் படத்தைத் தெரிவு செய்யுங்கள்

இங்கேதான் எனக்கு மூன்று மாதம் வீணாய்ப் போனது. ஏற்கெனவே ஆங்கிலத்தில் பார்த்த படம், கதை தெரியும், ஜேர்மன் குரலும் ஜேர்மன் எழுத்தும் போட்டுப் பார்த்தால் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். வாய் ஒன்று சொல்கிறது, கீழே வேறொன்று ஓடுகிறது. என் காதில்தான் ஏதோ பிழை என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். காது நன்றாகத்தான் இருந்தது. குரல் மாற்றுபவர்கள் நடிகரின் வாயசைவுக்கு ஏற்ப வசனத்தை மாற்றுவார்கள். சப்டைட்டில் எழுதுபவர்கள் மூல வசனத்தைப் பார்த்து, திரையில் கொள்ளுமளவுக்குச் சுருக்கித் தனியாக எழுதுவார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அதனால் ஜேர்மன் மொழியிலேயே எடுத்த படங்களைத் தேடுங்கள். சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' என்று போட்டிருந்தால் அதையே எடுங்கள். அது காது கேளாதவர்களுக்காகச் செய்தது, பேசுவதோடு பெரும்பாலும் ஒத்துவரும். படமே பாரமாக இருந்தால் ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லயின் இணையத்தளத்தில் ஏ1 முதல் நடுநிலையான பி1 வரை கதையாகப் போகும் வீடியோப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. முதல் மாதத்துக்கு அது போதும்.

தமிழிலோ ஆங்கிலத்திலோ சப்டைட்டில் வேண்டாம். கண் அதைத்தான் வாசிக்கும், காது தூங்கிவிடும்.

இரண்டே நிமிடம்

முழுப்படத்தையும் பார்க்க வேண்டாம். ஒரு காட்சி, இரண்டு நிமிடம் போதும். முதல் தடவை எழுத்தில்லாமல், பிறகு எழுத்தோடு, பிறகு திரும்ப எழுத்தில்லாமல். கணினியில் படம் ஓடவிட விஎல்சி என்ற மென்பொருள் தவிர வேறொன்றையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஷிஃப்ட்டோடு இடது அம்புக்குறியைத் தட்டினால் 3 செக்கன் பின்னால் போகும். என் லப்ரொப்பில் அந்த அம்புக்குறியின் எழுத்தே அழிந்துவிட்டது. எழுத்து பேச்சை முந்தினால் எச், பிந்தினால் ஜி. ஒரு தட்டலுக்கு 50 மில்லி செக்கன் நகரும். வேகத்தை முக்கால்வாசிக்குக் கீழே இறக்காதீர்கள், குரல் குழம்பிவிடும்.

கொப்பியில் என்ன எழுதுவது

தனிச்சொல் எழுதாதீர்கள். முழு வசனமாக எழுதுங்கள். 'அன்றூஃபன்' என்றால் தொலைபேசி எடுப்பது என்று பாடமாக்கியிருப்போம். படத்தில் அது உடைந்து வரும்: 'இஷ் றூஃப டிஷ் மோர்கன் அன்' (நாளைக்கு உனக்குக் கோல் எடுக்கிறேன்). அந்தக் கடைசி 'அன்' வரும்வரை காத்திருக்கக் காது பழக வேண்டும். நமக்கு இது பெரிய கஷ்டமில்லை, தமிழிலும் வினைச்சொல்லுக்குக் கடைசிவரை காத்திருக்கிறவர்கள்தானே. 'ஏனென்றால்' என்று பொருள்படும் 'வைல்' போட்டால் வினை கடைசிக்குப் போகும் என்பதை ஆங்கிலம் வழியாக யோசித்துப் பாடமாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

'டொக்', 'மால்', 'ஹால்ட்' போன்ற குட்டிச் சொற்களையும் வசனத்தோடேயே எழுதுங்கள். அகராதியில் தேடினால் தலைதான் சுற்றும். நாம் 'வாவன்', 'தாவன்' என்பதில் உள்ள 'அன்'னுக்கு என்ன பொருள் சொல்வீர்கள்?

சொற்களை அட்டை அட்டையாகக் காட்டி மீட்டவைக்கும் அன்கி செயலி நல்லதுதான், அன்ட்ரொய்டில் இலவசம். எனக்குச் சீஆர் கொப்பிதான் சரி.

வாசிப்பு

சரி, பெறாமகள் ஏன் சிரித்தாள்? 'நான் போனேன்' என்பதற்குக் கதைப் புத்தகத்தில் 'இஷ் கிங்' என்று இருக்கும். வீட்டில் கதைக்கும்போது 'இஷ் பின் கெகாங்கன்' என்பார்கள். நான் புத்தகத்தில் கண்டதை அப்படியே வாயில் எடுத்துவிட்டேன். ஆகவே வாசிக்கும்போது 'கிங்' (போனேன்), 'காம்' (வந்தேன்), 'ஸா' (கண்டேன்) என்று வருவதைக் கண்ணால் அடையாளம் கண்டால் போதும். கதைக்கப் படத்தில் கேட்டதை எடுங்கள். பழைய தேவதைக் கதைகள் சின்னப்பிள்ளைகளுக்கானவை, லேசாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்று யாரும் பாவிக்காத சொற்கள் அதில் நிறைய. ஏ2 என்று அட்டையில் போட்ட மெல்லிய புத்தகமே நல்லது. ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

படித்தது மறக்காமலிருக்க, பி1 தாண்டியபின் டொய்ச்ச வெல்லயின் மெதுவாக வாசிக்கும் செய்தியைக் கேளுங்கள். ஒலியும் எழுத்தும் சேர்ந்தே கிடைக்கும். நான் பருத்தித்துறை பஸ்ஸில் கேட்பது. பஸ்ஸில் பாட்டு உரக்கப் போட்டால் அன்றைக்கு எழுத்து மட்டும்.

பின்சேர்க்கை: சப்டைட்டிலில் ஜேர்மன் ஊ, ஓ எழுத்துகளுக்கு மேலே இரட்டைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் கிறுக்கலும் வருகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். சப்டைட்டில் கோப்பை நோட்பாடில் திறந்து, அங்கே எழுத்து சரியாகத் தெரிந்தால் 'சேவ் அஸ்' கொடுத்து, கீழே என்கோடிங்கில் யூடிஎஃப்-8 தெரிவு செய்து சேமியுங்கள். நோட்பாடிலேயே கிறுக்கலாக இருந்தால் கோப்புத்தான் பழுது, வேறு கோப்புத் தேடுங்கள்.